நுரை தெரியுது... குரோமியம் தெரியுமா? கழிவுநீரில் கன உலோகத்தைப் பிரிப்பது எப்படி?

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் வீடியோ வைரலாகிவிடும். பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு பாகலூர் பக்கம் தமிழகத்துக்குள் நுழையும் தென்பெண்ணை ஆறு, ஓசூர் அருகே இந்த அணைக்கு வந்து சேர்கிறது. நுரைக்கு முக்கியக் காரணம் டிடர்ஜென்ட். ஆனால் தொழிற்சாலைக் கழிவில் கரைந்து வரும் குரோமியம், நிக்கல், ஈயத்தை எந்த கேமராவும் பிடிக்காது.

ஓசூர், பேரிகை வட்டாரத்திலும் இது அக்கம்பக்கத்துப் பிரச்னைதான். பைக் உதிரிபாகமோ போல்ட்டோ துருப்பிடிக்காமல் பளபளக்க, மின்முலாம் தேவை. முலாம் தொட்டியில் முக்கியெடுத்த பாகத்தைத் தண்ணீரில் அலசுவார்கள். உலோகம் அதிகம் வெளியேறுவது அந்த அலசிய தண்ணீரில்தான்.

சாக்கடை சுத்திகரிப்பு நிலையம் போதாதா?

போதாது. அங்கே வேலை செய்வது பாக்டீரியா. அது மலக்கழிவைச் சிதைக்கும், உலோகத்தைச் சிதைக்க முடியாது. உலோகம் அதிகமானால் பாக்டீரியாவே செத்துப்போகும்.

எனவே பட்டறையிலேயே பிரித்தாக வேண்டும். மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம்தான் புற்றுநோய் வரவைக்கக்கூடிய வகை. முதலில் அமிலம் சேர்த்து பி.எச். அளவை 2-3க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் போடுகிறார்கள். மஞ்சள் பச்சையாக மாறினால், நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம் ஆகிவிட்டது என்று அர்த்தம். பிறகு சுண்ணாம்பு சேர்த்து பி.எச். அளவை 8-9க்கு ஏற்றினால் சேறாக அடியில் படியும்.

இங்கேதான் சிக்கல். நிக்கல் நன்றாகப் படிய பி.எச். 10க்கு மேல் வேண்டும். அந்த அளவில் குரோமியம் மறுபடி கரையத் தொடங்கும். சயனைடு கழிவில் அமிலம் கலந்தாலோ உயிரைப் பறிக்கும் வாயு கிளம்பும். எல்லாத்தையும் ஒரே தொட்டியில் கொட்டி சுண்ணாம்பு போட்டால் வேலை முடிஞ்சிடாது. ஒவ்வொரு கழிவுக்கும் தனிக் குழாய் தேவை.

நீர்நிலையில் விடும் கழிவில் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அதாவது 10,000 லிட்டருக்கு ஒரே ஒரு கிராம். மிச்சமிருப்பதைப் பிடிக்க அயனிப் பரிமாற்றப் பிசின், ஆர்.ஓ. என்று அடுத்த கட்டம் உண்டு. பிசினில் சிக்கிய நிக்கலைத் திரும்ப எடுக்கலாம், அது காசு.

அப்போ அந்தச் சேறு?

உலோகம் மறைவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான். விதிப்படி அது அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற, கசியாதபடி அமைத்த குழிகளுக்குத்தான் போக வேண்டும். ஓசூரிலிருந்து 300 கி.மீ.க்கு மேல். சின்னப் பட்டறைக்கு லாரி வாடகையே பாரம்.

அனுப்பாமல் விட்டால்? ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுப்போனது. கால் நூற்றாண்டு கழித்தும் அந்த மேடு அங்கேயே கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்தது.