மறதிநோயர் தங்கும் இல்லங்களை யார் தணிக்கை செய்வது?

அரியலூர் மாவட்டத்தில் ரெட்டிபாளையம் என்றதும் சிமெண்ட் ஆலைதான் நினைவுக்கு வரும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் வட்டாரம் அது. கல் வெட்டி முடித்து மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கும் பள்ளங்களுக்கும் மாவட்டத்தில் குறைவில்லை. அப்படிப்பட்ட ஊரில், டிமென்ஷியா எனும் மறதிநோய் வந்த பெரியவர் ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்குத் தாழ்ப்பாளை நீக்கி, "எங்க வீட்டுக்குப் போறேன்" என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்பிவிட்டால் குடும்பம் என்ன பாடுபடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். துணைக்கு இருக்கும் மனைவிக்கும் எழுபது தாண்டியிருக்கும். சில மாதங்கள் தூக்கம் கெட்ட பிறகு, "ஏதாவது ஹோம்ல விட்டுரலாமா?" என்ற பேச்சு மெல்ல எழும். ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சத்தில் பாதிப் பேர் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பேர் இடம் தேடுகிறார்கள். அந்த இடத்தைக் குறித்து அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளும், அரசு கேட்க வேண்டிய கேள்விகளும் இன்னும் சரியாகக் கேட்கப்படவில்லை.

கிராமத்தில்தான் அதிகம்

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் விகிதம் கூடுதல். செங்கல்பட்டுப் பக்கம் திருப்போரூர் கிராமப்புறத்தில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வு சொன்னது 3.5 சதவீதம். இரண்டுக்கும் ஆய்வு முறை வேறு என்பதால் நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் கிராமத்தில் இந்த நோய் இல்லை என்ற நம்பிக்கை அப்போதே தவறு.

தமிழ்நாட்டில் 2021-இல் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் முதியவர்கள் என்பது மக்கள்தொகைக் கணிப்பு. 2031-இல் அது பதினெட்டைத் தாண்டும்.

இரண்டு சட்டங்களுக்கு நடுவில்

தமிழ்நாட்டில் முதியோர் இல்லம் நடத்துபவர் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், சமூகநலத் துறையில் பதிவு செய்ய வேண்டும். மனநோய் உள்ளவர்களைத் தங்கவைக்கும் இல்லம் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மறதிநோயர் இதில் எந்தக் கணக்கு?

வயதைப் பார்த்தால் முதல் சட்டம். நோயைப் பார்த்தால் இரண்டாவது. மனநலச் சட்டம் மனநோயை வரையறுக்கும்போது சிந்தனை, மனநிலை ஆகியவற்றோடு நினைவாற்றலில் ஏற்படும் கடுமையான கோளாற்றையும் சேர்த்தே சொல்கிறது. இடம், காலம், ஆள் தெரியாமல் போவதும் அந்த வரையறைக்குள் வருகிறது. முற்றிய மறதிநோய்க்கு இதைவிடப் பொருத்தமான விவரிப்பு கிடைக்காது. நடைமுறையில் நடப்பது வேறு. "எங்களிடம் இருப்பவர்கள் வயதானவர்கள், மனநோயாளிகள் இல்லை" என்று இல்லத்தார் சொல்லலாம். குடும்பத்தாருக்கும் அப்பாவை மனநோயாளி என்று எழுதிக்கொடுக்க மனம் வராது. ஆக, இரண்டு துறைகளில் ஒன்றின் கண் மட்டும் படுகிறது, அதுவும் கட்டடம், கழிவறை, சமையலறை வரைக்கும். மனநலச் சட்டத்தில் பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் முதல் முறைக்கு அபராதம் 5,000 முதல் 50,000 ரூபாய் வரைதான்.

முதியோர் சட்டத்தில் இந்த ஓட்டையை அடைக்க ஒரு முயற்சி நடந்தது. பராமரிப்பு இல்லங்களுக்கான கட்டாயப் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் நாடு முழுவதற்கும் சட்டத்திலேயே எழுதும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிறைவேறவில்லை. 2024-இல் அந்த மக்களவையின் காலம் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது. மறதிநோயருக்கென 20 பேர் தங்கும் தொடர் பராமரிப்பு இல்லங்களை நடத்தத் தொண்டு நிறுவனங்களுக்கு மத்திய சமூகநீதி அமைச்சகம் மானியம் தருகிறது. அதாவது மறதிநோயருக்குத் தனிப் பராமரிப்பு வேண்டும் என்பது பணம் கொடுக்கும் இடத்தில் தெரிந்திருக்கிறது. உரிமம் கொடுக்கும் இடத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

ஏர்வாடி முதல் குண்டலப்புலியூர் வரை

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநல இல்லம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. எந்த வடிவத்திலும் ஒருவரைச் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்ற விதி இன்று மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது.

ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய அனுமதி இல்லாமல் இயங்கிய ஆசிரமத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தது எந்த ஆய்வுக் குழுவும் இல்லை. அங்கே சேர்க்கப்பட்ட ஒருவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் போடப்பட்ட ஆட்கொணர்வு மனுதான் கதவைத் திறக்கவைத்தது. தேடிவர ஆள் இல்லாதவர்களின் கதி என்ன என்ற கேள்வி அந்த வழக்கோடு முடிந்துவிடவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018-இல் பாலேஸ்வரத்தில் முதியோர் இல்லம் ஒன்று சர்ச்சையில் சிக்கியபோது, அங்கிருந்தவர்கள் வெவ்வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். சட்டப்படி அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் மறதிநோயருக்கு இடமாற்றமே ஓர் அடி. பழகிய கட்டில், பழகிய கழிவறை வாசல், சோறு ஊட்டும் பழகிய கை எல்லாம் ஒரே நாளில் போனால் குழப்பம் கூடும், சாப்பாடு நிற்கும், விழுவதும் நடக்கும். பூட்டுப் போடுவது ஒன்றையே ஒழுங்குமுறையாக வைத்திருக்கும் அரசு, தண்டனையை இல்லத்துக்கு எழுதி முதியவரிடம் வசூலிக்கிறது.

கயிறும் மாத்திரையும்

நல்ல மனம் உள்ள இல்லங்களிலும் தவறு நடப்பது இரண்டு இடங்களில். எழுந்து நடக்கிறார், விழுந்துவிடுவார் என்று துண்டால் கட்டிலோடு கட்டுவது ஒன்று. ராத்திரி கத்துகிறார் என்று மாத்திரை கொடுத்து அமர்த்துவது இன்னொன்று.

கட்டிப்போட்டவருக்குத் தசை தளர்கிறது, படுக்கைப்புண் வருகிறது, திமிறி விழுவதும் நடக்கிறது. மனநலச் சட்டப்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே ஒருவரைக் கட்டலாம். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவருக்காகப் பேச நியமிக்கப்பட்ட பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மனநல மருத்துவரே எட்டிப் பார்க்காத சிற்றூர் இல்லத்தில் இந்த விதியை எப்படிக் காப்பாற்றுவது?

மாத்திரை விஷயம் இன்னும் நுட்பமானது. ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தை ஒன்றரை மடங்குக்கும் மேல் உயர்த்துவதாக 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்து அட்டையிலேயே எச்சரிக்கை போடவைத்தது. மிகுந்த மூர்க்கம் உள்ளவருக்கு மருத்துவர் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு எழுதுவது உண்டு. கொடுத்துக்கொண்டிருப்பதைச் சட்டென்று நிறுத்துவதும் தவறு. பணியாளர் ஒருவர்கூட இல்லாத ராத்திரிக்கு ஈடாக அதைக் கொடுப்பதுதான் குற்றம்.

கத்தலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, நனைந்த டயப்பர், சித்திரை வெயிலில் தண்ணீர் கேட்கத் தெரியாமல் வறண்டுபோன உடம்பு. நேற்றுவரை சாதுவாக இருந்தவர் இன்று திடீரென்று மாறினால் முதலில் தேட வேண்டியது இவற்றைத்தான். பயிற்சி என்றால் இதுதான். அறுபது படுக்கைக்கு இரண்டு ஆயாக்கள் இருக்கும் இடத்தில் இதைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஒன்டாரியோ கற்ற பாடம்

கனடாவில், டொரன்டோ வட்டாரத்தில் ஏராளமான ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் இத்தகைய இல்லங்களுக்குத் தனிச் சட்டமும் தனி ஆய்வாளர்களும் உண்டு. ஆனாலும் 600-க்கும் மேற்பட்ட இல்லங்களில் முழுமையான ஆய்வு 2019-இல் ஒன்பதே இல்லங்களில்தான் நடந்திருந்தது. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. உதவிக்கு அனுப்பப்பட்ட ராணுவத்தினர் தாங்கள் கண்ட அவலங்களை 2020 மே மாதம் அறிக்கையாக எழுதினார்கள். பிறகு வந்த 2021 சட்டம், தங்கியிருப்பவர் ஒருவருக்குச் சராசரியாக நாளுக்கு நான்கு மணி நேர நேரடிப் பராமரிப்பை 2025 மார்ச்சுக்குள் எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஆய்வு அறிக்கைகளை யாரும் இணையத்தில் படிக்கலாம்.

பராமரிப்பை மணிக்கணக்கில் அளந்ததும், அறிக்கையை வெளியில் வைத்ததும் நாம் இரவல் வாங்கத் தக்கவை. மற்றபடி அங்குள்ள செலவும் அமைப்பும் அரியலூருக்குப் பொருந்தாது.

இங்கே புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. முதியோர் இல்லப் பதிவு விண்ணப்பத்தில் மறதிநோயருக்கென ஒரு பகுதியைச் சேர்க்கலாம்: எத்தனை பேர், இரவுப் பணியில் எத்தனை ஆள், அவர்களுக்கு என்ன பயிற்சி, கட்டிவைத்த பதிவேடு, மருந்துப் பதிவேடு, மாதாந்திர எடைக் குறிப்பு. சமூகநல அலுவலரும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரும் சேர்ந்தே ஆய்வுக்குப் போகலாம். 2022-இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் இல்லப் பணியாளர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுக்கவும் முடியும்.

சேர்க்கும் முன்

முதல் வேலை நோயை உறுதி செய்வது. பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உள்ளே கசிந்த ரத்தம் ஆகியவையும் மறதிநோய் போலவே தோன்றும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இந்தச் சோதனைகள் செய்யாமல் இல்லத்துக்கு அனுப்புவது அவசரம்.

இல்லத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பகல் பதினொரு மணிக்குப் போகிறார்கள். அப்போது எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். பொழுது சாய்ந்தபின் போக வேண்டும்; மறதிநோயருக்குப் பதற்றம் கூடுவது அந்த நேரத்தில்தான். சொல்லாமல் வந்து பார்க்க அனுமதி உண்டா, ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள், உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவார்கள் என்று கேட்க வேண்டும். பதிவுச் சான்றை வாங்கிப் பார்த்து, எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தேதிவரை என்று குறித்துக்கொள்ள வேண்டும். நிர்வாகியின் பேச்சைவிட, அங்கே இருப்பவர்களின் மணிக்கட்டும் குதிகாலும் அதிகம் சொல்லும். கட்டின தழும்பு மணிக்கட்டிலும், படுக்கைப்புண் குதிகாலிலும் இடுப்புக்குக் கீழும் தெரியும்.

சேர்த்த பிறகு மாதம் ஒரு முறை எடையைக் கேட்பது நல்லது. எடை இறங்கினால், ஊட்டிவிட ஆள் போதவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

குறை கண்டால் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்டச் சமூகநல அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம். மனநலச் சட்டத்தின் கீழ் வரும் இல்லமானால், புகாரின் பேரில் ஆய்வுக்கு உத்தரவிட மாநில மனநல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முதியோர் உதவி எண் 14567 காலை எட்டு முதல் இரவு எட்டு வரை இயங்குகிறது. பராமரிக்கிறவருக்கே மனம் தளர்ந்துபோனால் டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.