ஏலத்துக்குப் போகும் வண்ண மீன்கள்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் தோணி கரையேறியதும் மீன் ஏலம் போவதை நாம் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறோம். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்றலில் தேங்காயும் சேவலும் ஏலம் போவதுண்டு. அந்தச் சேவலை வளர்த்தவள் பெரும்பாலும் ஒரு பெண்தான். பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பிவிட்டு அவள் வீட்டில் இருப்பாள். விலை கேட்பதும் கூட்டுவதும் ஆண்கள்.

மூன்றாவது வகை ஏலம் ஒன்றும் உலகில் இருக்கிறது. அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாடுகளில் அலங்கார மீன் வளர்ப்போர் கழகங்களாகச் சேர்ந்து, வீட்டில் பெருகிய மீன்களைப் பொலித்தீன் பைகளில் இட்டு மேசையில் அடுக்கி ஏலம் விடுகிறார்கள். விலையில் ஒரு பங்கு கழகத்துக்கு, மிகுதி வளர்த்தவருக்கு. கசியும் பையும் செத்த மீன் கிடக்கும் பையும் மேசைக்கு வராது. இந்த முறையை நமது மாதர் சங்கங்களும் செய்து பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதற்கு முன்னரே யுத்தம் பல வீடுகளின் உழைப்பாளியைக் கொண்டுபோயிருந்தது. அதன் பின் வந்த வாழ்வாதாரத் திட்டங்களில் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் அதிகம். அலங்கார மீன் வளர்ப்பு அவ்வளவு பேசப்படவில்லை. ஆனால் வளவு சுருங்கிய நமது ஊர்களுக்கு இது பொருந்தும் தொழில். நிழலில் நான்கு சீமெந்துத் தொட்டி போதும். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருக்கும் பெண்ணும் வாசல் தாண்டாமல் செய்யலாம். 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, அதாவது ‘நக்டா’, இதற்கான ஆலோசனையும் பயிற்சியும் வழங்குகிறது.

பயிற்சிகளில் வளர்ப்பதைப் பற்றி நிறையச் சொல்லப்படுகிறது. பை கட்டுவது கடைசி அரை மணித்தியாலத்துக்குத் தள்ளப்படுகிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. பை கட்டத் தெரியாதவள் வாசலுக்கு வந்து அள்ளிச் செல்பவர் சொல்லும் விலையைத்தான் வாங்க வேண்டும். கல்முனையிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் போகும் பெட்டியில் மீன் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் காசு. மூன்று மாத உழைப்பு ஓர் இரவில் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கலாம்.

வேலை முதல் நாளே தொடங்குகிறது. பையில் இடுவதற்கு 24 மணித்தியாலத்துக்கு முன் தீனியை நிறுத்த வேண்டும். பெரிய மீன்களாயின் இரண்டு நாட்கள். பட்டினி போட மனம் கேட்காது. ஆயினும் பையில் இருப்பது அரை லீற்றரோ ஒரு லீற்றரோ நீர்தான். நிறைந்த வயிற்றோடு போகும் மீன் அதில் கழிவை இடும். நீரில் அமோனியா கூடும். வெறுவயிறு மீனுக்கு ஒரு நாளில் தீங்கு செய்யாது. அழுக்கு நீர் செய்யும்.

எதைப் பையில் இடுவது என்பதும் அன்றே தீர்மானிக்கப்பட வேண்டும். செட்டை மடிந்தது, தனியே ஒதுங்கி நிற்பது, உடலில் வெள்ளைப் புள்ளி கண்டது எல்லாம் தொட்டியிலேயே இருக்கட்டும். வயிறு சதுரமாகப் பருத்த கப்பிப் பெண்மீனை அனுப்பவே கூடாது. பிடித்த அதிர்ச்சியில் அது பைக்குள்ளேயே குஞ்சு போடும், போட்டதைத் தின்றும்விடும். குஞ்சு போட்டு ஒரு வாரம் தேறிய பெண்மீனே பயணத்துக்கு ஏற்றது. கப்பி, மொலி, பிளட்டி போன்ற குட்டி போடும் மீன்களை ஓர் ஆணும் இரு பெண்ணுமாக ஒரு பையில் இடுவது வெளிநாட்டு ஏலங்களில் வழக்கம். வாங்குபவர் அதை அப்படியே ஒரு குடும்பமாகக் கொண்டுபோய் வளர்க்கலாம்.

பைக்கு மீன் வாழ்ந்த தொட்டியின் மேல்நீரைத் தெளிவாக அள்ளிக்கொள்ளுங்கள். குழாய் நீரை உடனே ஊற்றக் கூடாது. அதிலுள்ள குளோரின் மீனின் பூவைச் சுடும். பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மிகுதி காற்று. நீர் கூடினால் மீனுக்கு நல்லது என்று நினைப்பவர் பலர். மீன் பயணம் தாங்குவது மேலே உள்ள ஒட்சிசனால்தான். வாயால் ஊதிப் பையை உப்பச் செய்வது பெரிய தவறு. நாம் வெளிவிடும் மூச்சில் ஒட்சிசன் 16 வீதமளவில்தான் இருக்கும்; காபனீரொட்சைட்டு 4 வீதமளவில் சேர்ந்திருக்கும்.

பையின் மூலைகள் இன்னொரு ஆபத்து. சிறு மீன் மூலைக்குள் ஒதுங்கி நசுங்கிச் சாகும். முதற் பையை முறுக்கி றப்பர் பட்டியால் இறுகக் கட்டிய பின், அதைத் தலைகீழாக இரண்டாம் பைக்குள் இறக்கிக் கட்டினால் மூலைகள் மடிந்துபோகும், கசிவுக்கும் காவல். முள்ளுள்ள கெளுத்தி வகைக்கு இரண்டு பைக்கும் இடையில் பத்திரிகைத்தாள் வேண்டும். பைற்றர் ஆண்மீன் தனிப் பையில் மட்டுமே. பைற்றரும் கௌராமியும் நீருக்கு மேல் வந்து காற்றைச் சுவாசிப்பவை, ஆகவே சாதாரண வளி போதும்.

மற்ற மீன்களுக்கும் உள்ளூர் ஏலத்துக்கு, சில மணித்தியாலப் பயணத்துக்கு, குறைந்த மீனும் சாதாரண வளியும் போதும். கொழும்புக்கு அனுப்புவதானால் ஒட்சிசன் சிலிண்டர் வேண்டும். சிங்கப்பூர் ஏற்றுமதியாளர்கள் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 40 கப்பிகளை அனுப்புகிறார்கள் என்று கேட்டு நாமும் அப்படி அடைக்கப் போகக் கூடாது. அவர்கள் மீனை முன்கூட்டியே பழக்கி, நீரையும் குளிரையும் அளந்து செய்கிறார்கள். சிலிண்டருக்காகத் தனியாள் ஒருவர் வாராந்த அறவீட்டு நுண்கடன் எடுப்பதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். பத்துப் பேர் சேர்ந்த சங்கத்துக்கு ஒன்று போதும். அதைச் சமையலறையில் வைக்காதீர்கள். நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள். எண்ணெய்க் கையால் வாயிலைத் தொடாதீர்கள். ஒட்சிசனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

கட்டிய பைகளைப் பத்திரிகைத்தாளில் சுற்றி றெஜிபோம் பெட்டியில் படுக்க வைத்தால் நீரின் மேற்பரப்பு விரியும், இருட்டில் மீனும் அமைதியாகும். பஸ்ஸின் இயந்திரச் சூட்டுக்கு அருகில் பெட்டி இருக்கக் கூடாது. நடத்துனரிடம் உள்ளே உயிர் இருக்கிறது என்று சொல்லிவிடுவது நல்லது.

இனிப் பையில் ஒட்டும் சீட்டு. அழியாத மையால் மீனின் வகை, எண்ணிக்கை, ஆண் பெண் விபரம், பை கட்டிய நேரம் எழுத வேண்டும். வளர்த்தவரின் பெயருக்குப் பதில் சங்கம் கொடுத்த இலக்கம் போதும். 7 ஆம் இலக்கம் யார் என்பது சங்கப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். தன் பெயர் பலர் மத்தியில் உரத்துக் கூறப்படுவதை விரும்பாத பெண்ணும், இத்தாவில் இருப்பவளும் இதனால் ஏலத்துக்கு மீன் அனுப்பலாம். அதே நேரம் சரியாக எழுதும் இலக்கத்துக்கு இரண்டாம் மூன்றாம் ஏலத்தில் மதிப்புக் கூடும். இரண்டு பெண்மீன் என்று எழுதிய பையில் ஒன்று ஆணாக வளர்ந்தால் அந்த இலக்கத்தை வாங்குபவர் மறக்கமாட்டார்.

வாங்கிச் செல்பவருக்கும் ஒரு சொல் சொல்லி அனுப்ப வேண்டும். மூடிய பையைத் தொட்டி நீரில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தலாம். நீண்ட பயணம் வந்த பையைத் திறந்த பிறகு நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது. மூடியிருக்கும்போது காபனீரொட்சைட்டு நீரைப் புளிப்பாக வைத்திருப்பதால் அமோனியாவின் நஞ்சு அடங்கியிருக்கும். திறந்ததும் அந்த வாயு வெளியேறும், நீரின் காரத்தன்மை ஏறும், நஞ்சு விழித்துக்கொள்ளும். பீஎச் பெறுமானம் 7 ஆக இருக்கையில் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. 8 ஆனால் ஐந்து பங்களவில் ஆகும். எனவே பை நீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும்.

சாவு யாருடைய நட்டம் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சண்டை வருவது இந்த இடத்தில்தான். மேசைக்கு வரும்போது செத்திருந்தால் வளர்த்தவருடையது, ஏலம் விழுந்த பிறகு வாங்கியவருடையது என்று வைத்தால் வழக்கிராது. கொழும்புக்கு அனுப்பும் பெட்டியாயின், பைகளைத் திறக்கு முன் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். பத்து மீன் செத்தது என்று வாய்ச்சொல்லில் கழிப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஏலப் பணம் துண்டோடு அந்தப் பெண்ணின் கைக்கே போக வேண்டும். சகோதரனோ மகனோ வாங்கிக்கொண்டு போவது வசதியாகத் தோன்றும், ஆனால் அப்படிப் போனால் பைக்கும் பட்டிக்கும் பஸ்ஸுக்கும் போக மிச்சம் எவ்வளவு என்று அவளுக்கே தெரியாமல் போய்விடும்.

விலைபோகாத பையை அன்றிரவே திறந்து, மீனைச் சில நாட்கள் தனித் தொட்டியில் வைத்த பிறகே பழைய கூட்டத்தோடு சேர்க்க வேண்டும். பலரது மீன்கள் கூடிய இடத்தில் நோயும் கூடும். வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டுவது கூடவே கூடாது. தொட்டி துப்புரவாக்கும் கெளுத்தியும் கத்தி மீனும் அப்படி நீர்நிலைகளுக்குள் போய்ப் பெருகி, இன்று இலங்கையின் உள்ளூர் மீன்களுக்குத் தொல்லையாகியுள்ளன. தொட்டி கொள்ளாமல் வளர்ந்த மீன் இருந்தால் அடுத்த ஏலத்துக்குக் கொண்டுவந்து, விலையில்லாமலாவது ஒருவரிடம் கொடுங்கள்.