நெகிரியும் பங்குகொண்ட கிரிக்கெட் அணி

மாணவர்களே, வரலாற்றுப் பாடத்தில் ‘நெகெரி-நெகெரி மெலாயு பெர்செகுத்து’ என்று படித்திருப்பீர்கள். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896இல் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் ஒன்றாக்கப்பட்டன. அவையே கூட்டு மலாய் மாநிலங்கள். மந்தினும் சிரம்பானும் அவற்றுள் அடங்கும். அந்தக் கூட்டு மாநிலங்களுக்குச் சொந்தமாக ஒரு கிரிக்கெட் அணி இருந்தது நம்மில் பலருக்குத் தெரியாது.

1905இல் களமிறங்கிய அந்த அணி 1940 வரை ஆடியது. அதன் நிரந்தரப் போட்டியாளர் நீரிணைக் குடியேற்றங்களின் அணி. அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆட்டக்காரர்கள். இவ்விரு தரப்பும் சேர்ந்து ‘அனைத்து மலாயா’ அணியாக ஆடியதும் உண்டு. 1927இல் கோலாலம்பூருக்கு வந்த ஆஸ்திரேலியக் குழுவை அனைத்து மலாயா அணி 39 ஓட்டங்களில் தோற்கடித்தது.

கூட்டு மாநில அணியில் ஆடியவர்களில் உலகறிந்தவர் லால் சிங். 1909இல் கோலாலம்பூரில் பிறந்த சீக்கியர். 1932 ஜூன் 25இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை லண்டன் லார்ட்ஸ் திடலில் தொடங்கியபோது, சி.கே. நாயுடு தலைமையில் ஆடிய பதினொருவரில் அவரும் ஒருவர். களத்தடுப்பில் புலி. இங்கிலாந்தின் ஃபிராங்க் வூலியை ரன் அவுட் ஆக்கினார். இரண்டாவது இன்னிங்சில் 29 ஓட்டங்கள் எடுத்தார். பின்னாளில் தாயகம் திரும்பி, சிலாங்கூர் கிளப்பில் திடல் பராமரிப்பாளராகப் பணியாற்றினார். 1985இல் காலமானார்.

சரி, அந்நாளில் இங்கு நிறைந்திருந்த தமிழர்கள் எங்கே?

கிரிக்கெட் அப்போது கிளப்புகளிலும் ஆங்கிலப் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் வளர்ந்த ஆட்டம். ரயில்வேயிலும் அரசுத் துறைகளிலும் எழுத்தர்களாக இருந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் அதில் ஆர்வத்துடன் இறங்கினர். 1914இல் கோலாலம்பூரில் தொடங்கிய டி.பி.சி.ஏ. என்ற தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் அவர்களுக்குத் திடலாக அமைந்தது.

தோட்டப்புறத் தமிழர் நிலை வேறு. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, வெயில் ஏறும் வரை பால்மரம் வெட்டியவர்களுக்கு, நாள் முழுக்க ஆடும் ஆட்டத்திற்கு ஏது நேரம்? மட்டை, பந்து, காலுறை வாங்க ஏது பணம்? தோட்டத் துரை கிளப்பில் மட்டை பிடித்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரே பந்தை வைத்து ஊரே ஆடக்கூடிய காற்பந்துதான் கைகொடுத்தது. திறமை இல்லாததால் அவர்கள் ஒதுங்கியிருக்கவில்லை. வாய்ப்பு அவர்கள் வாசலுக்கு வரவே இல்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வந்தது. போர் முடிந்தபின், 1946 ஏப்ரலில் மலாயன் யூனியன் உருவானது. கூட்டு மலாய் மாநிலங்கள் என்ற அமைப்பு இல்லாமல் போனதும் அந்த அணிக்கும் இடமில்லாமல் போயிற்று. ஆனால், பழைய போட்டியின் மரபு அறுந்துவிடவில்லை. 1970 முதல் மலேசியாவும் சிங்கப்பூரும் ‘சவுடாரா’ கிண்ணத்திற்காக மோதத் தொடங்கின. மலாய்மொழியில் அதற்குச் சகோதரர் என்று பொருள்.

லால் சிங்கின் பெயர் டெஸ்ட் ஏட்டில் இருப்பதால் நிலைத்தது. தோட்டத் திடல்களில் வெறுங்காலோடு ஆடிய நம் தாத்தாக்களின் பெயர்களை எந்த ஏட்டில் தேடுவது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. திடல்களும் போய்விட்டன. நினைவில் வைத்திருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது.

எனவே, அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய விளையாட்டுக் குழுப் படம் ஒன்றைத் தேடி எடுங்கள். அதில் நிற்பவர்கள் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். உங்கள் வரலாற்றுப் பணித்திட்டத்திற்கும் அது உதவும். கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.