இறக்கைக் குறிகளால் பழ ஈக்களை இனங்காணல்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து

பிரிக்பீல்ட்ஸ் வீடுகளில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் சிற்றீயும், கிள்ளான் கொல்லைப்புறங்களில் மரத்திலிருக்கும் கொய்யாவைத் துளைத்து முட்டையிடும் ஈயும் தமிழில் 'பழ ஈ' என்னும் ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. முன்னது மரபியல் பாடத்தில் இடம்பெறும் திரோசோபிலா. பின்னது தெபிரித்திடே குடும்பத்தைச் சார்ந்தது. ஆங்கிலப் பெயரிலுள்ள குழப்பம் அப்படியே தமிழுக்கும் வந்துவிட்டது. பின்னதைப் 'பழந்துளை ஈ' எனத் தமிழாசிரியர்கள் வழங்கலாம் என்பது நம் கருத்து. இக்கட்டுரை அவ்வீயை இறக்கையைக் கொண்டு இனங்காணும் முறையை விளக்க முற்படுகின்றது.

பாகற்பிஞ்சைக் காகிதத்தால் பொதிந்து வைக்கும் வழக்கத்திற்குக் காரணமான குக்குர்பிட்டே என்னும் ஈயை இனங்காண்பது எளிது. அதன் இறக்கையின் முன்விளிம்புப் பட்டை நுனியில் பெரும்புள்ளியாக விரியும். குறுக்கு நரம்பொன்றின்மீதும் கருமை படர்ந்திருக்கும். இடர்ப்பாடு எழுவது பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ், பாக்ட்ரோசெரா கராம்போலே என்னும் இரண்டினிடையே ஆகும். இரண்டின் இறக்கையும் கண்ணாடி போன்றது. டோர்சாலிஸின் முன்விளிம்புப் பட்டை நுனிவரை ஒடுங்கியே செல்லும். கராம்போலேயின் பட்டையோ நுனியருகே சற்று அகன்று தூண்டில்முள் போல் வளையும். பொறியாலும் இவற்றைப் பிரிக்க இயலாது. இரண்டின் ஆண் ஈக்களும் மெத்தில் யூஜினாலை நாடி வருபவை. நம் துளசியிலும் அவ்வேதிப்பொருள் உண்டு.

இந்நுண்ணிய வேறுபாட்டின் விளைவு சிறிதன்று. 1975இல் சூரினாமின் பரமாரிபோ நகரில் அயல் ஈயொன்று பிடிபட்டது. தென்கிழக்காசியாவிலிருந்து புகுந்த அவ்வீ முதலில் டோர்சாலிஸ் என்றே கொள்ளப்பட்டது. 1994இல் துரூ, ஹான்காக் ஆகிய இருவரும் கராம்போலேயைத் தனியினமாக விவரித்த பின்னரே அதன் உண்மைப் பெயர் தெளிவாயிற்று. அதற்குள் அது 1989இல் பிரெஞ்சு கயானாவை எட்டியிருந்தது. 1996இல் பிரேசிலிலும் காணப்பட்டது. (நட்சத்திரப்பழத்தைக் குறிக்கும் 'கராம்போலா' என்பது போர்த்துகீசியர் மராத்தியிலிருந்து பெற்ற சொல் என்பர்.)

அதே 1994இல் மலேசியத் தீபகற்பத்தின் டோர்சாலிஸ் 'பப்பாயே' எனத் தனிப்பெயர் பெற்றது. 1995இல் ஆஸ்திரேலியாவின் கெர்ன்ஸ் பகுதியில் புகுந்து பின்னர் ஒழிக்கப்பட்ட ஈயும் இப்பெயராலேயே அறியப்பட்டது. ஆப்பிரிக்காவில் புகுந்த ஈ 2005இல் 'இன்வாடென்ஸ்' எனப் பெயரிடப்பட்டது. இலங்கையிற் சேகரிக்கப்பட்ட ஈக்களும் அப்பெயருள் அடக்கப்பட்டன. உருவம், மரபணு, இனச்சேர்க்கை, வேதியியல் ஆகிய சான்றுகளை ஒருங்கே ஆராய்ந்து, இவ்விரு பெயர்களும் டோர்சாலிஸையே குறிப்பன என 2015இல் முடிவு செய்யப்பட்டது. பட்டையின் அகலத்தை மட்டும் நம்பியிருந்தால் இம்முடிவு கிட்டியிராது.

எனினும் கராம்போலே தனியினமாகவே நிலைபெற்றது. இவ்விரண்டும் இயற்கையிற் கலந்து கலப்பினம் ஈனுவதை, ஆண் ஈக்கள் சுரக்கும் வேதிப்பொருள்களைக் கொண்டு மலேசியாவில் நிகழ்ந்த ஆய்வொன்று 2005இல் காட்டியது. அத்தகைய ஈ கையில் அகப்படின், இறக்கையை மட்டும் பார்த்துப் பெயரிடுதல் இயலாது.