நடந்தா மனசு லேசாகுமா?

ஆகஸ்ட் கடைசி வந்தால் போதும். தஞ்சாவூர், திருவாரூர் ரோடெல்லாம் காவி உடுத்திய கூட்டம். 29-ம் தேதி கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி திருவிழா ஆச்சே! நடந்தே போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘‘கால் வலி உயிர் போகுதுங்க. ஆனா மனசு என்னவோ லேசாயிடுச்சு’’ என்பார்கள்.

பக்தி ஒரு காரணம். கூட நடக்கும் துணை இன்னொரு காரணம். மூன்றாவதாக ஒன்றையும் விஞ்ஞானிகள் காட்டுகிறார்கள். அதன் பெயர் லாக்டேட்.

அதென்ன லாக்டேட்?

வேகமாக நடக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் தசைகள் குளுக்கோஸை உடைத்து லாக்டேட்டை வெளியே விடுகின்றன. மணலில் நடந்தால் உழைப்பு இன்னும் கூடும். ‘லாக்டிக் ஆசிட் சேர்ந்துதான் மறுநாள் கால் வலிக்குது’ என்று பழி போடுவோமே, அதேதான். பாவம், அது செய்யாத குற்றம்! உட்கார்ந்து ஓய்வெடுத்தால் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். மறுநாள் வலி, தசை நார்களில் விழும் நுண்ணிய கிழிசலால் வருவது.

ரத்தத்தில் கலந்த லாக்டேட் மூளைக்குள்ளும் போகிறது. மூளையில் இருக்கும் நட்சத்திர வடிவ செல்களும் லாக்டேட் தயாரித்துப் பக்கத்து நரம்பு செல்களுக்கு ஊட்டுகின்றன என்று 1994-ல் சுவிட்சர்லாந்தில் மஜிஸ்ட்ரெட்டியும் பெல்லரினும் சொன்னார்கள்.

சுண்டெலி சொன்ன சேதி

அதே மஜிஸ்ட்ரெட்டியின் குழு 2018-ல், மனச்சோர்வு போன்ற நிலையில் இருந்த சுண்டெலிகளுக்கு லாக்டேட் ஊசி போட்டது. சோர்வின் அறிகுறிகள் குறைந்தன! எப்படி என்று அடுத்த ஆய்வில் தோண்டினார்கள். மூளையில் ஞாபகத்துக்கும் உணர்ச்சிக்கும் முக்கியமான இடம் ஹிப்போகாம்பஸ். மன அழுத்த ஹார்மோன் அதிகமானால் அங்கே புதிய நரம்பு செல்கள் பிறப்பது குறைகிறது. லாக்டேட் அதைத் திரும்ப நடக்க வைத்தது. புது செல்கள் பிறப்பதைத் தடுத்தபோது, லாக்டேட்டின் பலனும் போய்விட்டது.

அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடவே கூடாது! இது எலியில் பார்த்தது. மனிதர்களுக்கான மருந்தாக இன்னும் வரவில்லை. ‘தயிரில் லாக்டிக் அமிலம் இருக்கே?’ என்று கேட்காதீர்கள். தயிர்சாதம் மனச்சோர்வுக்கு மருந்தல்ல. இன்னொன்று: திடீர் பீதி நோய் உள்ளவர்களுக்கு லாக்டேட்டை நரம்பில் ஏற்றினால் பீதி வந்துவிடும் என்று 1967-லேயே கண்டிருக்கிறார்கள். சுய வைத்தியம் வேண்டாம்.

ஆனால் நடை கைவசம் இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள். அவ்வளவுதான்!

வீட்டில் இருப்பவர்களுக்கு...

காலையில் எழுந்திருக்கவே முடியாமல், சமையலில் மனசு ஒட்டாமல், தானாகக் கண்ணீர் விடும் அண்ணியோ அம்மாவோ உங்கள் வீட்டில் இருக்கலாம். ‘சோம்பேறித்தனம்’ என்று குத்திக்காட்டாதீர்கள். ‘நட, சரியாயிடும்’ என்று உத்தரவும் போடாதீர்கள். மனச்சோர்வில் செருப்பு மாட்டுவதே மலை ஏறுகிற மாதிரி. ‘‘வா, தெருமுனை வரைக்கும் நானும் வர்றேன்’’ என்று கூடப் போங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ‘வாழவே பிடிக்கலை’ என்று சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், இரவும் பகலும் பேசலாம்.