விழப்போகும் பல்லுக்கு வைத்தியம் எதற்கு?

வாலாஜாபாத்தில் விடியும் முன்பே ஒரகடம் தொழிற்சாலை பஸ்கள் புறப்பட்டு விடுகின்றன. அப்பா, அம்மா இருவருக்கும் வேலை என்றால், பிள்ளைக்குப் பாட்டிதான் துணை. பிள்ளை அழுதால் கையில் ஒரு மிட்டாய்! சில மாதங்களில் கடைவாய்ப் பல்லில் கறுப்புப் புள்ளி.

"பால் பல்தானே! தானாக விழுந்துவிடும்" என்கிறார் பாட்டி.

விழும் என்பது உண்மை. ஆனால் எப்போது?

12 வயது வரை வேண்டும்

பால் பற்கள் மொத்தம் 20. ஆறாவது மாத வாக்கில் முளைக்கத் தொடங்கும். முன்பற்கள் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பற்களோ 10 முதல் 12 வயது வரை இருக்கவேண்டும். நான்கு வயதில் சொத்தையானால், இன்னும் ஆறு, ஏழு ஆண்டுகள் பிள்ளை அந்தப் பல்லோடுதான் சாப்பிட வேண்டும். சொத்தை வேருக்குப் போனால் வலி, சீழ், வீக்கம், தூக்கமில்லாத இரவு! முன்கூட்டியே பிடுங்கினால், பக்கத்துப் பல் நகர்ந்து, புதுப் பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஊசி இல்லை! ராட்டினம் இல்லை!

பல் டாக்டர் என்றாலே குழந்தைகளுக்கு நடுக்கம். ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் டாக்டர் அம்மையார் ஒரு சுலப வழியைக் கையாண்டார். சொத்தையைச் சுரண்டவில்லை. மரத்துப்போக ஊசியும் போடவில்லை. சிறிய எஃகுத் தொப்பியில் பசை தடவி, பல்லின்மேல் மாட்டினார். பிள்ளை கடித்ததும் அது உட்கார்ந்துவிட்டது!

உள்ளே அகப்பட்ட கிருமிகளுக்குச் சர்க்கரை கிடைப்பதில்லை. பட்டினியால் சொத்தை நின்றுவிடுகிறது. பல் விழும்போது தொப்பியும் சேர்ந்து விழும்.

இது சரிதானா? அங்கே 132 குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பல்லில் தொப்பி, மற்றொரு பல்லில் வழக்கமான வைத்தியம். 2011-ல் முடிவு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் கவனிக்கப்பட்ட 91 பேரில், வழக்கமான வைத்தியம் செய்த பற்களில் 15 மோசமாகக் கெட்டன. தொப்பி போட்டவற்றில் 3 மட்டுமே!

ஆனால் சீழ் கட்டிய பல்லுக்கும், இரவில் தானாக வலிக்கும் பல்லுக்கும் இது உதவாது. ஆகவே வலி வரும் முன்பே காட்ட வேண்டும்.

எங்கே காட்டுவது?

2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டப்படி, அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையும் மருத்துவக் குழு பரிசோதிக்கிறது. அப்போது பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது. குழந்தைகளின் பல்லுக்கென்றே அங்கு தனிப் பிரிவு உண்டு.

தாய்மார்கள் கவனத்துக்கு

முதல் பல் முளைத்ததும் துலக்கத் தொடங்குங்கள். தினம் இரண்டு வேளை. புளோரைடு பற்பசை, மூன்று வயது வரை அரிசி அளவு. பிறகு ஆறு வயது வரை பட்டாணி அளவு. பிள்ளை விழுங்காமல் துப்பட்டும். வாயில் பால் புட்டியோடு தூங்க விடாதீர்கள். மிட்டாய் என்றாவது கொடுத்தால், சாப்பாட்டோடு கொடுங்கள்.

கறுப்புப் புள்ளி தெரிந்தால் நாள் கடத்தாதீர்கள். புள்ளி சிறிதாக இருக்கும்போது வைத்தியமும் சிறிது!