முதியவரைப் பார்த்துக்கொள்ளப் பணிப்பெண்: முகவைக்குப் போகுமுன் யோசிக்கவேண்டியவை

பல வீடுகளில் இந்தத் தேடல் மருத்துவமனையில்தான் தொடங்குகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்த தாயாருக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்திருக்கும். சில நாள்களில் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்று மருத்துவர் கூறுவார். “வீட்டில் யார் பார்த்துக்கொள்வீர்கள்?” என்று மருத்துவச் சமூக ஊழியர் கேட்பார். பிள்ளைகள் எல்லாரும் வேலைக்குச் செல்பவர்கள். அன்று மாலையே பணிப்பெண் முகவைக்குத் தொலைபேசி அழைப்பு போகும்.

அந்த அவசரத்தில் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: முதியோரைப் பார்த்த அனுபவம் உண்டா? தன்விவரக் குறிப்பில் ‘உண்டு’ என்றே இருக்கும். தாமே எழுந்து நடமாடும் பாட்டிக்குச் சமைத்துக் கொடுத்ததும் அனுபவம்தான். படுத்த படுக்கையாக இருந்தவருக்குப் புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்கவைத்ததும் அனுபவம்தான். இரண்டுக்கும் குறிப்பில் ஒரே சொல்.

ஆகவே, ஆளைத் தேடுமுன் முதியவருக்கு என்ன தேவை என்பதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூரின் பராமரிப்புத் திட்டங்கள் ஆறு அன்றாட நடவடிக்கைகளை அளவுகோலாகக் கொள்கின்றன. குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறையைப் பயன்படுத்துதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகியவை அவை. இவற்றில் எதைத் தாமே செய்கிறார், எதற்கு இன்னொருவர் கைகொடுக்க வேண்டும் என்று குறித்தாலே, முகவையிடம் கேட்கவேண்டிய கேள்விகள் கிடைத்துவிடும்.

இரவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குடும்பங்கள் மறப்பது இதைத்தான். இரவில் நான்கு முறை எழும் தாத்தாவுடன் எழுந்திருப்பவரே, பகலில் வீட்டைத் துடைத்து ஐந்து பேருக்குச் சமைக்கவும் வேண்டும் என்றால் அது சில வாரங்கள்கூடத் தாங்காது. தூக்கம் இல்லாத கைகள் தாங்கிப் பிடிக்கும்போது விழும் ஆபத்து முதியவருக்குத்தான்.

காணொளி நேர்காணலில், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒருவரை எப்படி மாற்றுவார் என்று விளக்கச் சொல்லலாம். முதலில் சக்கரங்களைப் பூட்டுவதைப் பற்றிப் பேசுபவர், அந்த வேலையைச் செய்து பார்த்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். குடும்பமும் எதையும் மறைக்கக் கூடாது. அணையாடை மாற்றுவது, முதியவரின் கோபம், இரவு விழிப்பு எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டால், வந்த மாதமே திரும்பிப் போகும் நிலையைத் தவிர்க்கலாம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு மொழி தனிக் கவலை. இந்தியா, இலங்கை இரண்டிலிருந்தும் பணிப்பெண்களை அமர்த்தலாம் என்பதால், தமிழ் பேசுபவரே வேண்டும் எனச் சிலர் காத்திருப்பதுண்டு. பழைய தலைமுறையில் பலருக்குச் சந்தை மலாய் தெரியும். இந்தோனீசியப் பணிப்பெண்ணோடு அவர்கள் எளிதாகப் பேசிவிடுகின்றனர். முதுமை மறதி நோய் கண்டவர்களின் நிலை வேறு. பின்னாளில் கற்ற மொழிகள் மங்கி, சிறுவயதுத் தமிழ் மட்டும் எஞ்சலாம். ‘தலை சுத்துது’, ‘ஒண்ணுக்கு வருது’, ‘வலிக்குது’ போன்ற இருபது முப்பது சொற்களைப் பணிப்பெண்ணின் மொழியில் பொருளுடன் எழுதி, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைப்பது சின்ன வேலைதான். ஆனால், முதியவர் சொல்லும் வலி கேட்பவருக்குப் புரிய அது போதும்.

செலவு சம்பளத்தோடு நிற்பதில்லை. மாதத் தீர்வை 300 வெள்ளி. 67 வயதைக் கடந்த சிங்கப்பூர்க் குடிமகன் அதே முகவரியில் வசித்தால், சலுகையாக அது 60 வெள்ளியாகக் குறையும். 5,000 வெள்ளி பிணைத்தொகை, காப்புறுதி, ஆறு மாதத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை ஆகியவையும் உண்டு. ஆறு நடவடிக்கைகளில் குறைந்தது மூன்றுக்கு நிரந்தரமாக உதவி தேவைப்படுபவரின் குடும்பம், வருமானத்தைப் பொறுத்து, இல்லப் பராமரிப்பு மானியம் கோரலாம். 2019ல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கிய அம்மானியத்தின் உச்சவரம்பு 2023 மார்ச்சில் 400 வெள்ளியானது. 2026 ஏப்ரல் முதல் 600 வெள்ளி.

பயிற்சிக்கும் மானியம் உண்டு. பராமரிப்பாளர் பயிற்சி மானியத்தைக் குடும்பத்தினருக்கு மட்டுமின்றிப் பணிப்பெண்ணுக்கும் பயன்படுத்தலாம். முதியவர் இன்னும் மருத்துவமனையில் இருந்தால், வீடு திரும்புமுன் தாதியரிடமும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமும் நேரில் கற்றுக்கொள்ள ஏற்பாடு கேட்பது நல்லது. பிள்ளைகளில் ஒருவராவது உடன் கற்க வேண்டும்.

ஏனெனில், பணிப்பெண்ணுக்கும் ஓய்வு நாள் உண்டு. வாரம் ஒரு நாள் ஓய்வு 2013ல் சட்டமானது. அதற்கு ஈடாகப் பணம் கொடுத்து வேலை வாங்கும் வழக்கத்துக்கும் எல்லை வந்துவிட்டது. 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளேனும் கட்டாயம் ஓய்வு தர வேண்டும். அந்நாளுக்குப் பதிலாகப் பணம் தர முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை தாயாரைக் குளிப்பாட்டப்போவது மகனா, மருமகளா, மகளா என்பதை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் குடும்பத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பணிப்பெண் வந்துசேரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பகல்நேரப் பராமரிப்பு நிலையம், வீட்டுக்கே வரும் பராமரிப்புச் சேவை, தற்காலிகப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்ய, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைக்கலாம்.